முடிவுரை இல்லாத விடை

முகர்ஜி நகர், டெல்லி
17 ஆகஸ்ட் 1997, ஞாயிறு, காலை 5.40

தீதி,

ஐ.ஏ.எஸ். முதன்மைத் தேர்வுக்கு இன்னும் 83 நாள். நவீன இந்திய வரலாற்றில் நான் தயார் செய்ய வேண்டிய கேள்விகள் 62. உன்னிடமிருந்து வந்த விடைகள் 19. கணக்கு உதைக்கிறது.

ஜூனில் முதல்நிலைத் தேர்வு எழுதிய கையோடு நாம் பேசிக்கொண்டது என்ன? வாரம் ஐந்து கேள்வி நான் அனுப்புவேன், ஐந்து விடை நீ அனுப்புவாய். வரலாற்றில் எம்.ஏ. படித்துப் பதக்கம் வாங்கியவள் நீ. மோட்டார் ஏன் சுற்றவில்லை என்று பார்க்கப் படித்தவன் நான். மின்வாரிய வேலையை விட்டுவிட்டு இங்கே வந்து மூன்று வருஷம் ஆகிறது. இது மூன்றாவது முயற்சி. நாலுக்கு மேல் கிடையாது என்பது உனக்கும் தெரியும். போன வாரம் இரண்டு விடைதான் வந்தது. அதற்கு முந்தின வாரம் ஒன்று.

நிரந்தர நிலவரித் திட்டம் பற்றிய விடை கிடைத்தது. குறித்த நாளில் சூரியன் மறைவதற்குள் வரி கட்டாத ஜமீன் ஏலத்துக்குப் போகும் என்ற சட்டத்தைச் சொன்னாய். அதோடு நிறுத்தியிருக்கலாம். 'அந்தச் சாயங்காலங்களில் மேற்கே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்கள் எத்தனை பேரோ' என்று ஒரு வரி எதற்கு? அதற்கு யாரும் மார்க் போட மாட்டார்கள். ஆனால் வெட்டி ஒட்ட நேரமில்லாததால் அப்படியே மனப்பாடம் செய்துவிட்டேன்.

திரிபுராரி அறையைக் காலி செய்துவிட்டுப் போய்விட்டான். முதல்நிலையில் அவன் தேறவில்லை. போகும்போது வாளியையும் எடுத்துக்கொண்டு போய்விட்டான், அவனுடையதுதான். இப்போது மாடி அறையில் நான் மட்டும். சத்தமில்லை, படிக்க வசதி.

ராக்கி வந்து சேர்ந்தது. நாளைக்குக் கட்டிக்கொள்கிறேன். ஒரு முனையைப் பல்லால் பிடித்தால் கட்ட முடிகிறது, போன வருஷமே செய்து பார்த்தேன்.

புதுக் கேள்விகள் பின்பக்கத்தில். சீக்கிரம்.

உத்பல்

*

லஹேரியாசராய், தர்பங்கா
26 ஆகஸ்ட்

பவுவா,

கணக்கு எழுதும் குமாஸ்தாவிடமிருந்து வந்த கடிதமோ என்று முதலில் மாமனாரிடம் கொடுக்கப் பார்த்தேன்.

விடைகள் மூன்று வைத்திருக்கிறேன். மீதி இரண்டும் வரும். நான் எப்போது எழுதுகிறேன் என்று நீ கேட்டதில்லை, நானாகவே சொல்கிறேன். மதியம் எல்லோருக்கும் சாப்பாடு போட்டு, பாத்திரம் கழுவப் போட்டுவிட்டு, மைனாவைத் தூங்க வைத்தால் எனக்கு அரை மணி நேரம் கிடைக்கும். பதினாறு மாதக் குழந்தைக்கு சம்பாரண் சத்தியாக்கிரகம் என்றால் என்ன தெரியும்? பேனா மூடியைத் திறக்கும் சத்தத்துக்கே எழுந்துவிடுகிறாள். இவர் கல்கத்தாவில். தீபாவளி முடிந்து சட் விரதத்துக்கு வந்தால் பார்க்கலாம்.

இந்த வீட்டில் யாரும் கெட்டவர்கள் இல்லை. ஆனால் நாள் முழுக்க நான் பேசுவதைச் சேர்த்துப் பார்த்தேன்: உப்பு போதுமா, தண்ணீர் வந்துவிட்டதா, மாத்திரை போட்டீர்களா. எல்லாம் நான் கேட்கும் கேள்விகள். என்னை யாரும் எதுவும் கேட்பதில்லை. உன் தபால் வந்தால்தான் என்னிடம் ஒருவர் ஏதோ கேட்கிறார். 'ஒத்துழையாமை இயக்கம் நிறுத்தப்பட்டது சரியா, ஆராய்க' என்று படித்ததும், அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்து பதில் சொல்ல வேண்டும் போல் இருக்கிறது. அதற்காகவே அனுப்பு.

அது இருக்கட்டும், உனக்கு என்ன தோன்றுகிறது? நிறுத்தியது சரியா? மூன்று மாதமாக என் விடையைத்தான் படிக்கிறாய், உன் அபிப்பிராயம் ஒன்றுகூட எனக்குத் தெரியாது.

கீழ்வீட்டு அம்மாவிடம் கேட்டிருந்தால் ராக்கியை அவரே கட்டிவிட்டிருப்பார். யாரிடமும் எதுவும் கேட்காதவன் நீ. கேட்பதெல்லாம் என்னிடம் மட்டும்தான்.

சாப்பிடுகிறாயா? திரிபுராரி போனால் என்ன, வேறு ஆள் சேர்த்துக்கொள். சத்தமில்லாத அறை நல்லதல்ல.

தீதி

*

டெல்லி
21 செப்டம்பர், ஞாயிறு, மதியம்

தீதி,

முதலில் இருபத்தாறு வயது ஆளைக் கைக்குழந்தை மாதிரி 'பவுவா' என்று எழுதுவதை நிறுத்து. உறை பிரிந்து வந்தது, கீழே பல்லா அம்மா படித்துவிட்டு அதே பெயரில் கூப்பிடுகிறார்.

எனக்கு என்ன தோன்றுகிறது என்று கேட்டாய். எனக்குத் தோன்ற வேண்டியதில்லை. திருத்துபவருக்குத் தோன்றினால் போதும்.

இனி விஷயம். பயிற்சி வகுப்பில் மூன்று மணி நேர மாதிரித் தேர்வு வைத்தார்கள். நிரந்தர நிலவரித் திட்டம் வந்தது. உன் விடையை ஒரு எழுத்து மாறாமல் எழுதினேன். நேற்று பாண்டே சார் தாள் கொடுக்கும்போது யாருடைய பெயரும் சொல்லாமல் ஒரு விடையை எடுத்து வாசித்தார். மேற்கே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த வரி வந்ததும் நிறுத்தி, அதை இரண்டாவது தடவை வாசித்தார். எழுபது பேரும் அந்த வரியைக் குறித்துக்கொண்டார்கள். எட்டு வருஷத்தில் தான் பார்த்த நல்ல விடை இது என்றார். பிறகு தாளைத் திருப்பிப் பார்த்து, "யாருப்பா உத்பல்? இவ்ளோ அழகா எழுதிட்டுக் கடைசில எங்க ஓடிப் போன? ரயிலுக்கு நேரமாச்சா?" என்றார். மொத்த வகுப்பும் சிரித்தது.

முடிவுரை இல்லை, தீதி. குத்தகைதாரன் நிலை மோசமானது என்று சொல்லி, அப்படியே நின்றுவிட்டது. அறைக்கு வந்து உன் தாளை எடுத்துப் பார்த்தேன். அதிலும் இல்லை. கடைசி வரிக்குக் கீழே எண்ணெய்க் கறை மட்டும் இருக்கிறது. பத்து மார்க் போச்சு.

பாதிச் சாமானை எப்படி அனுப்பினாய்? அனுப்பும் முன் ஒரு தடவை சரிபார்க்க வேண்டாமா? மற்ற விடைகளையும் எடுத்துப் பார்த்தேன். இன்னும் நாலு விடைக்கு முடிவுரை இல்லை. ஐந்துக்கும் உடனே எழுதி அனுப்பு.

உத்பல்

*

தர்பங்கா
29 செப்டம்பர்

உத்பல்,

இந்தக் கடிதத்தோடு விடை எதுவும் இல்லை. உறையை உதறிப் பார்க்க வேண்டாம்.

அந்த விடை ஏன் அப்படி நின்றது என்று சொல்கிறேன். மைனா எழுந்துவிட்டாள். அவளைத் தூக்கிக்கொண்டு போய்ப் பால் காய்ச்சினேன், மாமனாருக்கு யாரோ வந்தார்கள், பகோடா போட்டேன். திரும்பி வந்தபோது தபால் எடுக்கும் நேரம். மடித்துப் போட்டுவிட்டேன். இதுதான் அந்தக் கறை.

நான் முடிக்காமல் அனுப்பியது தப்பு. அது முடியவில்லை என்று தெரியாமலே மனப்பாடம் செய்தாயே, அதற்கு என்ன பெயர்? ஒரு மாதம் வாயில் போட்டு மென்றிருக்கிறாய், கடைசியில் ஒன்றும் இல்லை என்று நாக்குக்குக்கூடத் தெரியவில்லையா?

எழுபது பேர் முன்னால் வாசித்தார் என்று எழுதியிருக்கிறாய். அந்த வரியை இரண்டு தடவை வாசித்தார் என்றும் எழுதியிருக்கிறாய். அதை நான் எத்தனை தடவை படித்தேன் என்று சொல்ல மாட்டேன். யாருடைய விடை என்று நீ அவரிடம் சொன்னாயா? சொல்லியிருக்க மாட்டாய். சொல்ல வேண்டும் என்று நானும் எதிர்பார்க்கவில்லை. ஆனால் என்னிடமாவது ஒரு வரி எழுதியிருக்கலாம், தீதி, நன்றாக இருந்தது என்று. நீ எழுதியது 'பாதிச் சாமான்'.

நேற்று நான் தாளும் பேனாவுமாய் உட்கார்ந்திருந்தபோது மாமியார் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "பரிச்சை யாருக்கு? தம்பிக்கா உனக்கா?" என்று கேட்டார். சிரித்து மழுப்பினேன். அவர் சிரிக்கவில்லை.

தீதி

*

டெல்லி
9 அக்டோபர்

தீதி,

எட்டு வருஷத்தில் நல்ல விடை என்று சார் சொன்னதை எழுதினேனே, அதுவே பாராட்டுத்தான். ஒரு மாதம் இருக்கும்போது கோபித்துக்கொள்ளாதே. தேர்வு முடிந்ததும் எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு.

1942 பற்றி இன்னும் ஒரு விடைகூட இல்லை. நான் எழுதிப் பார்த்தேன். ட்ரான்ஸ்ஃபார்மர் வெடித்ததற்கு எழுதும் அறிக்கை மாதிரி வருகிறது: காரணம் ஒன்று, காரணம் இரண்டு, சேத விவரம்.

உத்பல்

*

டெல்லி
17 அக்டோபர்

தீதி,

பதில் இல்லை. தபால்காரர் தினமும் கீழ்ப்படியிலேயே கையை ஆட்டிவிட்டுப் போகிறார். உடம்புக்கு ஒன்றுமில்லையே? மைனாவுக்கு?

உ.

*

தர்பங்கா
20 அக்டோபர்

உத்பல்,

உடம்புக்கு ஒன்றுமில்லை. ஒரு விஷயத்தை எப்படி எழுதுவது என்று தெரியாமல் இரண்டு கடிதம் கிழித்தேன்.

மாநில ஆட்சிப் பணித் தேர்வுக்கு நானும் எழுதிப் போட்டிருந்தேன். மார்ச்சில் முதல்நிலை நடந்தது. பக்கத்துத் தெருப் பள்ளிக்கூடம்தான் மையம், நடந்து போய் எழுதிவிட்டு வந்து பருப்பு தாளித்தேன். இவருக்கு மட்டும் தெரியும். "எழுதிப் பாரேன், என்ன போச்சு" என்றார். உன்னிடம் ஏன் சொல்லவில்லை என்றால், நீ உடனே வெற்றி வாய்ப்பு எத்தனை சதவீதம் என்று கணக்குப் போட்டு அனுப்புவாய்.

தேறிவிட்டேன், பவுவா. செப்டம்பரில் முடிவு வந்தது. அடுத்தது முதன்மைத் தேர்வு, பாட்னாவில், நவம்பர் 15, 16, சனி ஞாயிறு. விருப்பப் பாடம் வரலாறு. வயது வரம்பில் எனக்கு இதுதான் கடைசி.

மாமியாரிடம் சொல்லிவிட்டேன். நான் பயந்த மாதிரி அவர் ஒன்றும் கத்தவில்லை. அரிசியைக் கையால் தடவிக் கல் பொறுக்கிக்கொண்டே, "கூடப் பொறந்தவன் வந்து கூட்டிட்டுப் போகட்டும், நான் ஏன் தடுக்கப் போறேன். கைக்குழந்தைய வெச்சுக்கிட்டுத் தனியா பஸ் ஏத்தி மட்டும் விடமாட்டேன்" என்றார். மைனாவை விட்டுவிட்டுப் போகவும் முடியாது. போன மாதம்தான் அவருக்குக் கண் ஆபரேஷன் நடந்தது, குழந்தை எந்தப் பக்கம் ஓடுகிறது என்றே தெரிவதில்லை. இவர் சட் விரதத்துக்கு வந்து எட்டாம் தேதி திரும்பிவிடுவார், அதற்கு மேல் விடுப்பு இல்லை. மாமனாராலும் நம் பாபுஜியாலும் பஸ் படி ஏற முடியாது. மீதி நீதான்.

உன் பொதுத்தாள் எட்டாம் தேதி. வரலாற்றுத் தாள் இருபதாம் தேதி. நடுவில் நாள் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அந்த நாட்கள் எதற்காக என்பதும் தெரியும். தெரிந்துதான் கேட்கிறேன்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். மூன்று மணி நேரம் சேர்ந்தாற்போல் உட்கார்ந்து நான் எழுதியே ஏழு வருஷம் ஆகிறது. கை வருமா என்று தெரியவில்லை. உன் விடைகளெல்லாம் ஏன் பாதியில் நின்றன என்று இப்போது யோசித்தால், எனக்கு அவ்வளவு தூரம்தான் எழுதப் பழக்கமோ என்று பயமாக இருக்கிறது.

தீதி

*

டெல்லி
26 அக்டோபர், ஞாயிறு

தீதி,

தேறியதற்கு வாழ்த்து. இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன், அப்புறம் எழுதவில்லை என்பாய்.

வர முடியாது. கணக்கைப் பார். புதன் மாலை டெல்லியில் ஏறினால் வியாழன் மாலை தர்பங்கா. வெள்ளி பாட்னா. சனி, ஞாயிறு உன் தேர்வு. திங்கள் உன்னை வீட்டில் விட்டுவிட்டு அன்றைக்கே ரயில் ஏறினால், அது தாமதமாகாமல் வந்தால், செவ்வாய் இரவு டெல்லி. வியாழன் காலை எனக்கு வரலாறு. நம் ஊர் வண்டி எது தாமதமாகாமல் வந்திருக்கிறது? மார்ச்சிலேயே சொல்லியிருந்தால் ஏதாவது செய்திருக்கலாம். ஏழு மாதம் மூடி வைத்துவிட்டு இப்போது கேட்டால் எப்படி?

ஜீஜாஜியிடம் இன்னும் ஒரு வாரம் விடுப்பு கேட்கச் சொல். மனைவியின் பரீட்சை என்று சொன்னால் கொடுக்க மாட்டார்களா?

உனக்குக் கடைசி முறை என்பது புரிகிறது. எனக்கு மட்டும் என்ன, நூறு முறை இருக்கிறதா? நான் வேலையை விட்டுவிட்டு வந்தவன். தோற்றால் ஊரில் எந்த முகத்தோடு இறங்குவது?

மீதி விடைகள் எழுதி வைத்திருந்தால் அனுப்பு. எட்டாம் தேதிக்கு வராவிட்டாலும் இருபதாம் தேதிக்கு உதவும்.

உத்பல்

*

தர்பங்கா
1 நவம்பர், சனி

பவுவா,

உன் கடிதம் நேற்று வந்தது. சரி.

இவரிடம் தொலைபேசியில் கேட்டேன். "கேட்டுப் பாக்குறேன் நூதன்" என்றார். அப்படிச் சொன்னால் கிடைக்காது என்று அர்த்தம்.

இன்று பர்துதியா, கூடப் பிறந்தவன் அக்கா தங்கை வீட்டுக்கு வந்து சாப்பிட வேண்டிய நாள். விடியற்காலையில் எழுந்து அரிசி மாவால் கோலம் போட்டு, பலகை வைத்து, வெற்றிலை பாக்கு, பூசணிப் பூ எல்லாம் எடுத்து வைத்தேன். தெருவில் நாள் முழுக்க ரிக்‌ஷா சத்தம். எல்லா வீட்டுக்கும் அண்ணன் தம்பிகள் வந்தார்கள், சாப்பிட்டார்கள், போனார்கள். மைனா பூசணிப் பூவைத் தின்றுவிட்டு அந்தப் பலகையில் உட்கார்ந்துகொண்டாள். மாமியார் அவள் நெற்றியிலேயே பொட்டு வைத்தார்.

விடைகள் பதினொன்று வைத்திருக்கிறேன். எல்லாவற்றுக்கும் முடிவுரை உண்டு. மூன்று நாளாகக் காலை நாலு மணிக்கு எழுந்து எழுதினேன். பழைய நாலு விடைக்கும் தனித்தாளில் இருக்கிறது. நிரந்தர நிலவரித் திட்டத்துக்கு மட்டும் இல்லை. அதற்கு எனக்கு ஒரு முடிவு தோன்றியிருக்கிறது. அதை நானே பரீட்சையில் எழுதலாம் என்று வைத்திருந்தேன். இப்போது எங்கே எழுதுவேன் என்று தெரியாது, இருந்தாலும் அது என்னிடமே இருக்கட்டும்.

ஹால் டிக்கெட் வந்துவிட்டது. மைனாவின் சட்டைகளுக்கு அடியில் இருக்கிறது.

எட்டாம் தேதி வெறும் வயிற்றோடு போகாதே. அவலும் தயிருமாவது சாப்பிட்டுவிட்டுப் போ.

தீதி

*

டெல்லி
9 நவம்பர், ஞாயிறு, காலை 7.15

தீதி,

உன் உறை ஏழாம் தேதி கிடைத்தது. பதினொரு விடையையும் படிக்கவில்லை. கடிதத்தை மட்டும் படித்தேன்.

நேற்று பொதுத்தாளில் நிரந்தர நிலவரித் திட்டம் வந்தது. எழுத ஆரம்பித்தேன். கை தானாக ஓடியது. குத்தகைதாரன் நிலை வரை வந்ததும் நின்றது. அதற்கு மேல் நீ எழுதவில்லை. நேரம் நிறைய இருந்தது. ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இந்தச் சட்டத்தைப் பற்றி நான் என்ன நினைக்கிறேன் என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. மூன்று வருஷம் படித்தவனிடம் அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமே இல்லை. நாலு வரி எழுதினேன். மோசமாக இருந்தது. அந்த நாலு வரிதான் என்னுடையது.

வெளியே வந்தேன். வாசலில் ஒரே கூட்டம். ஒவ்வொருவருக்கும் சொல்ல யாரோ ஒருவர் இருந்தார்கள். நான் டீக்கடைக்காரரிடம் போய், "நல்லா எழுதியிருக்கேன்" என்றேன். அவர், "சக்கரை தூக்கலாவா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். பத்து நாளில் நான் ஒரு மனிதரிடம் பேசிய நீளமான பேச்சு அது.

பிறகு மாடிக்கு வந்து யோசித்தேன். நேற்று தேர்வு எழுதியதில் முக்கால்வாசி நீ. உன் பெயரில் ஹால் டிக்கெட் இருக்கிறது, அது குழந்தையின் சட்டைக்கு அடியில் கிடக்கிறது. உன் எழுத்து மட்டும் என் பெயரில் டெல்லி வந்து பரீட்சை எழுதிவிட்டுப் போகிறது. இது தப்பான வயரிங். இதற்கு மேல் எனக்கு நன்றாகச் சொல்லத் தெரியாது.

வியாழன் வருகிறேன், பாட்னாவுக்குத் தயாராக இரு என்று நாளைக் காலை தபால் நிலையம் திறந்ததும் தந்தி கொடுக்கிறேன். தந்தி என்றதும் மாமியார் அழுதிருப்பார், மன்னிக்கச் சொல். தந்தியில் எழுத முடியாததை இதில் எழுதுகிறேன். கடிதம் ஆறு நாள் எடுக்கும், நான் நாலு நாளில் வந்துவிடுவேன். ஆகவே இதை நீ தேர்வு முடிந்து வீடு திரும்பிய பிறகுதான் படிப்பாய். அப்போது இது உனக்குப் பயன்படாது. இருந்தாலும் நான் செய்யப்போவது இவை:

1. புதன் மாலை வண்டி. இடம் உறுதியாகவில்லை. பொதுப் பெட்டியில் நின்றுகொண்டு வருவேன்.

2. உன் மாமியார் காலைத் தொட்டுக் கும்பிடுவேன். ரயில் நேரம், மையத்தின் முகவரி, திரும்பும் நாள், மூன்றும் சொல்வேன். வேறு பேசினால் கெடுத்துவிடுவேன்.

3. பாட்னாவில் மையத்துக்கு நடக்கும் தூரத்தில் தர்மசாலையில் அறை எடுப்பேன். சொந்தக்காரர் வீடு வேண்டாம், அங்கே போனால் நீ சமைப்பாய்.

4. சனி, ஞாயிறு இரண்டு நாளும் மைனா என்னிடம். அவளுக்கு என்னைத் தெரியாது, அழுவாள். அழட்டும், உனக்குக் கேட்காத தூரத்துக்குத் தூக்கிக்கொண்டு போய்விடுவேன். நேற்று சாயங்காலம் பல்லா அம்மாவின் பேரனை ஒரு மணி நேரம் வைத்துப் பழகினேன். கண்ணாடியைப் பிடுங்கி எறிந்தான். ஒரு பக்கக் கம்பி வளைந்திருக்கிறது, பரவாயில்லை.

5. நீ வெளியே வந்ததும் எப்படி எழுதினாய் என்று கேட்க மாட்டேன். நீ சொன்னால் கடைசி வரை கேட்பேன், நடுவில் பேச மாட்டேன்.

6. உன் பதினொரு விடையும் உறையிலேயே இருக்கிறது. ரயிலில் அதைப் பிரிக்க மாட்டேன். 1942 பற்றி நானே எழுதுவேன். எப்படி வந்தாலும் அதைத்தான் இருபதாம் தேதி எழுதுவேன்.

7. செவ்வாய் இரவு வந்து சேர்ந்ததும் தபால்காரரிடம் சொல்லி வைப்பேன், கீழ்ப்படியிலிருந்து கையை ஆட்டாமல் மேலே ஏறி வரும்படி. நீ பதில் எழுத உட்காரும் நேரத்தில் நான் இந்த அறையில் தனியாக உட்கார்ந்திருப்பேன். பதில் போடு. விடை எதுவும் வேண்டாம், கடிதம் மட்டும்.

பவுவா